உங்களுக்குத் தெரியுமா?

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி எழும்பூரில் இறங்கினால், பாரிமுனை அரண்மனைக்காரத் தெரு பக்கம்தான். அங்கே நெரிசலுக்கு நடுவே ஒரு மரக்கதவு. அதற்குள் ஆர்மீனிய மரபுவழித் திருச்சபையின் புனித மரியாள் ஆலயம். 1712இல் தோன்றி, 1772இல் இப்போதைய இடத்தில் எழுந்தது. மணிக்கூண்டு தனியே நிற்கிறது. ஆறு மணிகளில் இரண்டு, பிக் பென் மணியை வார்த்த அதே லண்டன் ஒயிட்சேப்பல் பட்டறையில் வார்த்தவை. நடைபாதையில் பதித்திருப்பவை கல்லறைக் கற்கள். பார்த்துக் காலை வையுங்கள்!

இந்த ஆலயத்தின் பாதிரியார் ஹருத்யூன் ஷ்மாவோன்யான் 1794இல் ‘அஸ்தரார்’ என்ற இதழைத் தொடங்கினார். உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழ் அச்சானது ஆர்மீனியாவில் அல்ல, நம் சென்னையில்!