வானினின்று விழும் கற்கள்

இரவில் வானத்தே ஒளிக்கோடு ஒன்று சரேலென ஓடி மறைதலைக் கண்டு, 'நட்சத்திரம் விழுகிறது' என்பர் உலகோர். விழுவது நட்சத்திரம் அன்று. பெரும்பாலும் மணற்பருக்கை போன்றதொரு துகளே. மிக்க வேகத்தோடு காற்றுமண்டலத்துட் புகும் அத்துகள், 50, 60 மைல் உயரத்திலேயே எரிந்தொழிகின்றது. எரிந்தொழியாது தரைசேர்வதே விண்கல்.

இவ்வளவும் அண்மையிலுள்ள பள்ளியொன்றிற் சிறார்க்குச் சொல்லி முடித்தோம். பின்வரிசைச் சிறுவனொருவன் எழுந்து, "அண்ணா, கல் வானத்திலிருந்துதான் விழுந்தது என்று யார் பார்த்தார்கள்?" என்றான். தமிழ் பயிலும் யாம் அன்று விடையின்றி மீண்டோம். பின்னர்ப் படித்தறிந்ததை ஈண்டு எழுதுகின்றோம்.

அச்சிறுவனது ஐயம் பேரறிஞர்க்கும் இருந்ததுவே. 1768-ஆம் ஆண்டு பிரான்சு தேசத்து லூசே என்னுமிடத்தில், வயலில் வேலை செய்தோர் கல்லொன்று விழக் கண்டனர். இரசாயன நூல் வல்ல லவாய்சியர் முதலிய மூவர் அதனை ஆராய்ந்து, மின்னல் தாக்கிய நிலத்துக் கல்லே அஃதென முடிவு கூறினர். உழவர் சொல் அம்பலம் ஏறவில்லை! எனினும் அம்மூவரை இகழ்தற்கில்லை. கோள்களுக்கிடைப்பட்ட வெளியிற் கற்கள் திரியும் என்பதை அக்காலத்தார் பெரும்பாலும் ஏற்றிலர். 1794-இல் ஜெர்மானியராகிய கிளாட்னி அவ்வாறு எழுதியபோதும் நம்பினோர் சிலரே.

1803 ஏப்ரல் 26-ஆம் நாள், பட்டப்பகலில், பிரான்சின் லேகிள் நகர்ப்புறத்தே பேரொலியுடன் ஏறக்குறைய 3000 கற்கள் வீழ்ந்தன. ஆராய்ந்து வருமாறு பியோ என்பவர் அனுப்பப்பட்டார். அவர்க்கு அப்போது வயது 29. அவர் ஊரூராய்ச் சென்று குருமாரையும் உழவரையும் வினவினார். பலதிறத்தாரும் ஒன்றையே கூறினர். அப்பகுதிச் சுரங்கங்களிலோ, இரும்புலைக் கசடுகளிலோ அத்தகைய கல் இல்லை. கற்கள் கிடந்த நிலப்பரப்பு 6 மைல் நீளமும் இரண்டரை மைல் அகலமுமாய் நீள்வட்டமாக இருந்தது. மேலிருந்து சாய்வாக விரைந்து வந்து வெடித்த பொருளன்றி வேறெது அவ்வாறு சிதறும்? அதன்பின் மறுப்போர் அருகினர்.

அவை எங்கிருந்து வருகின்றன? கதிரவனைச் சுற்றும் எட்டுக் கிரகங்களுள் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே எண்ணிறந்த சிறுகோள்கள் உள்ளன. அவற்றுள் முதலாவதாகிய சீரிஸை, 1801-ஆம் ஆண்டின் முதல்நாளிலே பியாசி கண்டார். சிறுகோள்கள் தம்முள் மோதிச் சிதறிய துண்டுகளே பெரும்பாலான விண்கற்கள். சந்திரனிலிருந்தும் செவ்வாயிலிருந்தும் வந்தனவும் சில உள. பூமியின் ஆதிப் பாறைகள் உருகியும் தேய்ந்தும் உருமாறின. விண்கற்கள் பலவோ கதிரவன் குடும்பம் தோன்றிய காலத்துச் சான்றைக் காத்து வருகின்றன. அவற்றிலுள்ள ஈயத்தை அளந்தே, 1956-இல் பாட்டர்சன் என்பார் பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டு எனக் கணித்தார்.

மறுவாரம் அப்பள்ளிக்கு மீண்டும் சென்று பியோவின் வரலாற்றைச் சொன்னோம். அச்சிறுவன் அமைந்தானில்லை. "அந்தக் கல் இப்போது எங்கே இருக்கிறது?" என்றான். பாரிசு நகரத்து இயற்கைப் பொருட்காட்சிச் சாலையில் என்றோம். இம்முறை அதனையும் படித்தே சென்றிருந்தோம்.