மறுமொழி கேளாக் காதல்
மர்மக் கதைகளில் அன்பும் வஞ்சகமும்

முன்னுரை

மர்மக் கதைகளை இலக்கியம் என்று ஒப்புக்கொள்ள நம்மிடையே ஒரு தயக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. பேருந்துப் பயணத்திலும் உறக்கம் வராத இரவிலும் அவற்றை விரும்பிப் படிக்கிறோம். படித்து முடித்ததும் பேசத் தகாதவை என்று ஒதுக்கி வைக்கிறோம். காதலும் துரோகமும் பித்தும் கலந்த மர்மக் கதையென்றால் இத்தயக்கம் இன்னும் கூடுகிறது. ஆயினும் மனிதர் ஒருவரையொருவர் நம்புவதைப் பற்றியும், அந்த நம்பிக்கை முறிவதைப் பற்றியும் இவ்வகைக் கதைகள் அளவுக்கு நுணுகிப் பேசும் கதைகள் மிகச் சிலவே. அவற்றை எவ்வாறு படிக்க வேண்டும் என்பதற்கான அளவுகோல் ஒன்று நம்முடைய பழைய இலக்கண மரபிலேயே இருக்கிறது. அதனைக் கைக்கொண்டு மூன்று படைப்புகளை இக்கட்டுரையில் ஆராய்வோம். கதைகளின் முடிவைச் சொல்லாமல் அவற்றின் இயல்பை விளக்க இயலாது என்பதால், வாசகர்கள் பொறுத்தருள வேண்டுகிறோம்.

இலக்கணம் வகுத்த எல்லை

தொல்காப்பியர் அகத்திணையை ஏழாகப் பகுத்தார். குறிஞ்சி முதலிய ஐந்தும் ஒத்த அன்புடைய இருவரைப் பற்றியவை. அவற்றுக்கு ஒருபுறம் கைக்கிளையையும் மறுபுறம் பெருந்திணையையும் நிறுத்தினார். கைக்கிளையை ஒருதலைக் காமம் என்றும், பெருந்திணையைப் பொருந்தாக் காமம் என்றும் நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஆனால் அவ்வரையறைகளின் உட்பொருளை நின்று நோக்குவோர் குறைவு.

கைக்கிளையைப் பற்றி அவர் தரும் விளக்கத்தின் மையக் கருத்து இது: காதல் இன்னதென்று அறியாத இளையவள் ஒருத்தியிடம் ஒருவன் பேசுகிறான், அவளிடமிருந்து மறுமொழி வருவதில்லை, எனினும் தான் பேசுவதிலேயே இன்பம் காண்கிறான். இங்கே இலக்கண ஆசிரியர் அவனுடைய அன்பின் ஆழத்தை அளக்கவில்லை. மறுமொழி வந்ததா இல்லையா என்பதையே அளவாகக் கொண்டார். பெருந்திணையின் கூறுகளாக அவர் வைத்தவற்றுள் மடலேறுதலும், தேற்ற முடியாத அளவுக்கு மிகுந்த காமமும், அம்மிகுதியால் எழும் வன்செயலும் அடங்கும். மடலேறுவேன் என்று தலைவன் சொல்வதை ஐந்திணைப் பாடல்களும் பாடுகின்றன. உண்மையில் ஏறிவிட்டாலோ அது பெருந்திணையாகிவிடுகிறது. பனைமடற் குதிரையில் ஏறி, ஊரார் முன்னிலையில் தன்னை வருத்திக்கொண்டு, அதன்வழி ஒரு பெண்ணைப் பெற முயல்வது, அவளுடைய விருப்பத்தைப் புறந்தள்ளி ஊரின் வாயால் மறுமொழி பெறுவதாகும் என்பது நம் கருத்து.

இன்றைய மர்மக் கதைகளில் பித்து என்றும் வெறி என்றும் நாம் சுட்டும் உணர்வு இதுவே. ஒருவர் மறுமொழியைக் கேட்க மறுக்கும் இடத்தில் காதல் கதை மர்மக் கதையாக மாறத் தொடங்குகிறது.

அதிர்ச்சியும் பதற்றமும்

மர்மக் கதையின் இயங்குமுறையை ஒரு சொல்லில் பதற்றம் எனலாம். பதற்றம் வேறு, அதிர்ச்சி வேறு. திரைப்பட இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவுடன் நிகழ்த்திய நீண்ட உரையாடலில் இவ்வேறுபாட்டை எளிய எடுத்துக்காட்டால் விளக்கினார். மேசையைச் சுற்றிச் சிலர் பேசிக்கொண்டிருக்கையில் அடியிலிருக்கும் வெடிகுண்டு திடீரென வெடித்தால், பார்ப்போருக்கு 15 விநாடி அதிர்ச்சி கிட்டும். குண்டு இருப்பது பார்ப்போருக்கு முன்னரே தெரிந்து, பேசிக்கொண்டிருப்போருக்குத் தெரியாதிருந்தால், அதே காட்சி 15 நிமிடப் பதற்றமாக நீளும்.

காதல் மர்மக் கதையில் மேசைக்கடியில் இருப்பது வெடிகுண்டன்று. ஒருவர் மற்றவர்மீது வைத்திருக்கும் நம்பிக்கையே. நம்பப்படுபவர் எத்தகையவர் என்பது நமக்குத் தெரியும்; நம்புகிறவருக்குத் தெரியாது. நாம் எச்சரிக்கை செய்ய விரும்புகிறோம். நம் குரலோ அவர் செவிக்கு எட்டாது. இந்நிலைமை வாழ்க்கையிலும் நிகழக் கூடியது. தங்கையோ தோழியோ தவறான ஒருவரை நம்புவதைக் கண்டும் தடுக்க முடியாமல் நின்றவர்கள் நம்மில் பலர் உண்டு. இவ்வகைக் கதைகள் நம்மை விடாமல் பிடித்துக்கொள்வதற்கு அந்த நினைவும் ஒரு காரணம்.

குன்றின் உச்சியில்

தமிழில் இவ்வகைக் கதைக்கு மிகப் பழைய சான்று குண்டலகேசி. நாதகுத்தனார் இயற்றிய இப்பௌத்த காப்பியம் நமக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. சில பாடல்களே எஞ்சின. ஆயினும் நீலகேசியின் உரையாலும் பாலி மொழியிலுள்ள பௌத்த உரைகளாலும் அதன் கதையை அறிகிறோம்.

கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்லப்படும் கள்வன் ஒருவனை மாளிகையிலிருந்து பத்திரை காண்கிறாள்; கண்டதும் காதல் கொள்கிறாள். தந்தை அவனை மீட்டு மணம் முடித்து வைக்கிறார். காதல் முழுவதும் அவள் பக்கம். அவன் பக்கமோ உயிர் தப்பிய நிம்மதி மட்டுமே. ஆகவே இக்கதை கைக்கிளையில் தொடங்குகிறது என்று கொள்ளலாம். பின்னர் ஒருநாள் ஊடலின்போது, ‘நீ கள்வன் அன்றோ’ என்னும் கருத்துப்பட அவள் விளையாட்டாகப் பேசிவிடுகிறாள். உள்ளம் கவர்ந்தவனைக் கள்வன் என்று அழைப்பது சங்க அகப்பாடல்களிலேயே காணும் வழக்கம். ஆனால் உண்மையிலேயே கள்வனாக இருந்தவனுக்கு அச்சொல் செல்லமாகக் கேட்கவில்லை, தண்டனையாகக் கேட்டது. அவன் அவளைக் கொல்லத் துணிகிறான். பாலி உரைகளில் அவளுடைய அணிகலன்கள் மீதான ஆசை காரணமாகச் சொல்லப்படுகிறது. எவ்வாறாயினும், வழிபாட்டுக்கென்றோ உலாவுக்கென்றோ பொய் சொல்லி அவளை மலையுச்சிக்கு அழைத்துச் செல்கிறான்.

அங்கே தன் எண்ணத்தை அவன் வெளிப்படுத்தும்போது பத்திரை அழுது கெஞ்சிப் பார்க்கவில்லை என்றே தமிழ் மரபு நினைவு வைத்திருக்கிறது. இறப்பதற்கு முன் கணவனை வலம்வந்து வணங்க இசைவு கேட்கிறாள். அவன் இசைகிறான். பின்புறம் வந்தபோது தள்ளிவிடுகிறாள். கணவனே தெய்வம் என்னும் மரபின் சடங்கு, அவளுடைய உயிர்காக்கும் உபாயமாகிறது. அதுவரை அவளுடைய மறுமொழியைக் கேட்க விரும்பாதவன், அந்த ஒரு கணத்தில் அதனைப் பெற்றுக்கொள்கிறான்.

இக்கதையைத் தழுவி சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950ஆம் ஆண்டில் ‘மந்திரிகுமாரி’ திரைப்படத்தை வெளியிட்டது. மு. கருணாநிதி உரையாடல் எழுத, எல்லிஸ் ஆர். டங்கனும் டி. ஆர். சுந்தரமும் இயக்கினர். மலையுச்சிக் காட்சிக்கு முன் வரும் பாடலைத் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடினர். இன்றும் இனிய காதல் பாடலாகவே பலர் அதைக் கேட்கிறார்கள். படத்தில் அது கொலைக்கு அழைத்துச் செல்லும் பாடல். பாடுகிறவன் யார் என்பது நமக்குத் தெரியும். உடன் நடக்கிறவளுக்குத் தெரியாது. பாடல் எவ்வளவு இனிமையாக ஒலிக்கிறதோ அவ்வளவு பதற்றம் மிகுகிறது.

பேசாதவள் நிறைந்த மாளிகை

ஆங்கிலத்தில் இவ்வகைக்கு எடுத்துக்காட்டாக விளங்குவது டாஃப்னி டு மோரியே 1938இல் வெளியிட்ட ‘ரெபெக்கா’ புதினம். பெயர் சொல்லப்படாத இளம்பெண் ஒருத்தி, மனைவியை இழந்த செல்வர் மேக்சிம் டி விண்டரை மணந்து மாண்டர்லி மாளிகைக்கு வருகிறாள். அங்கே எங்கும் முதல் மனைவி ரெபெக்காவின் நினைவே நிறைந்திருக்கிறது. வீட்டு நிர்வாகி டான்வர்ஸ் அம்மையார், இறந்தவளின் அறையை அப்படியே பேணி வருகிறார். புது மனைவியை மாறுவேட விருந்தில் இழிவுக்குள்ளாக்குகிறார். சாளரத்திலிருந்து குதித்துவிடுமாறு மெல்லிய குரலில் தூண்டவும் செய்கிறார்.

பித்து டான்வர்ஸிடம் மட்டுமே இருப்பதாக முதலில் நமக்குத் தோன்றும். கூர்ந்து நோக்கினால், கதை சொல்லும் இளம்பெண்ணும் ரெபெக்காவைப் பற்றியே ஓயாமல் எண்ணுகிறாள் என்பது விளங்கும். ரெபெக்காவை அழகி என்றும் தீயவள் என்றும் பிறர் சொல்லவே கேட்கிறோம். அவளோ இறந்துவிட்டவள், தன் தரப்பைச் சொல்ல இயலாதவள்.

அவளைச் சுட்டுக் கொன்றவன் தானே என்று மேக்சிம் ஒப்புக்கொள்ளும் இடம்தான் புதினத்தின் உச்சம். அப்போது இரண்டாம் மனைவியின் உள்ளத்தில் மேலோங்குவது அச்சமன்று. கணவர் ரெபெக்காவை ஒருபோதும் நேசிக்கவில்லை என்னும் நிம்மதி. படிக்கின்ற நாமும் அவளோடு சேர்ந்து நிம்மதி கொள்கிறோம். அவர் சட்டத்திடம் அகப்படாமல் தப்ப வேண்டுமே என்று ஏங்குகிறோம். ஒரு கொலையாளிக்காக நம்மை வேண்டிக்கொள்ள வைத்ததே அவ்வாசிரியரின் ஆற்றல். 1940இல் ஹிட்ச்காக் இதனைப் படமாக்கியபோது, அக்கால ஹாலிவுட் தணிக்கை விதிகளின் காரணமாக, ரெபெக்கா தவறி விழுந்து இறந்ததாகக் கதை மாற்றப்பட்டது. அம்மாற்றத்தால் நாயகர் தூய்மையானார். நம் மனச்சான்றை உறுத்திய வினாவோ மறைந்துபோயிற்று.

ஒரு நாளும் பல வாக்குமூலங்களும்

மூன்றாவது படைப்பு எஸ். பாலசந்தர் இயக்கத்தில் ஏ.வி.எம். நிறுவனம் 1954இல் வெளியிட்ட ‘அந்த நாள்’. பாடலின்றி வந்த தமிழ்ப்படம் என்பதால் பெரிதும் பேசப்படுவது. 1943 அக்டோபரில் சென்னைமீது ஜப்பானிய விமானம் குண்டு வீசிய நிகழ்ச்சியின் பின்னணியில் கதை நடக்கிறது. 1942 முதல் 1945 வரை ஜப்பானிய ஆட்சியை அனுபவித்த இவ்வட்டாரத்தின் வாசகர்களுக்கு அப்பின்னணி அயலானதன்று.

வானொலிப் பொறியாளர் ராஜன் சுடப்பட்டு இறக்கிறார். அண்டை வீட்டார், தம்பி, தம்பி மனைவி, காதற்கிழத்தி, மனைவி உஷா என ஒவ்வொருவரிடமும் துப்பறிவோர் விசாரிக்க, ஒவ்வொருவர் சொல்லிலும் வேறொரு ராஜனைக் காண்கிறோம். இறுதியில் உண்மை உஷாவின் வாயிலாக வெளிவருகிறது. தம் கண்டுபிடிப்பை நாடு மதிக்கவில்லை என்னும் கசப்பால் கணவர் எதிரிக்கு இரகசியங்களை விற்றிருக்கிறார். அவரைத் திருத்த முயன்ற மனைவியின் கையிலிருந்த துப்பாக்கியிலிருந்தே குண்டு பாய்ந்திருக்கிறது. நாயகனாகவே ரசிகர்கள் பழகியிருந்த சிவாஜி கணேசன் நாட்டைக் காட்டிக்கொடுப்பவராகத் தோன்றியது அக்காலத்தில் துணிவான முயற்சி.

குண்டலகேசியில் துரோகம் மனைவிக்கு எதிரானது. இங்கே அது நாட்டுக்கும் இல்லத்துக்கும் ஒருங்கே எதிரானது. உஷா கணவரை வெறுத்ததால் எதிர்க்கவில்லை, நேசித்துக்கொண்டே எதிர்க்கிறாள். பத்திரைக்குக் குன்றின் உச்சியில் காதல் முடிந்துவிடுகிறது. உஷாவுக்குக் குண்டு பாய்ந்த பின்னும் முடியவில்லை. அவள் சொல்லைக் கணவர் உரிய காலத்தில் கேட்டிருந்தால் அந்தத் துப்பாக்கிக்கு வேலை இருந்திராது.

எழுதுவோரும் படிப்போரும் எண்ண வேண்டியது

இம்மூன்று படைப்புகளிலும் கொலை உண்டு, பித்து உண்டு, ஆனால் பித்தைக் காதல் என்று பெயர் மாற்றிச் சொல்லும் ஏமாற்று இல்லை. நம் திரைப்படங்கள் பலவற்றிலும் தொடர்கதைகள் சிலவற்றிலும் அவ்வேமாற்று நிகழ்ந்திருக்கிறது. மறுத்த பெண்ணை நாயகன் விடாமல் பின்தொடர்கிறான். அவளுடைய மறுப்பு நாணமாகக் காட்டப்படுகிறது. இறுதியில் அவள் இசைவது அவனுடைய விடாமுயற்சிக்குப் பரிசாகிறது. அதே செயல்களை வில்லன் செய்தால் பின்னணி இசை மட்டும் மாறுகிறது. இதைப் பார்த்து வளரும் இளைஞர், மறுமொழி என்பது வென்றெடுக்க வேண்டிய ஒன்று என்று கற்றுக்கொள்கிறார். இளம்பெண்ணோ தன் சொல்லுக்கு மதிப்பில்லை என்று கற்றுக்கொள்கிறாள்.

சட்டம் இவ்வேறுபாட்டை உணர்ந்துவிட்டது. பின்தொடர்ந்து தொல்லை தருவதைச் சிங்கப்பூர் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், மலேசியா 2023இல் குற்றவியல் சட்டத்தில் செய்த திருத்தத்தாலும் குற்றமாக்கின. சட்டம் குற்றத்துக்குப் பெயரிடும். அந்நிலைக்கு ஒருவர் எவ்வாறு படிப்படியாகச் செல்கிறார் என்பதைக் கதையே காட்ட முடியும்.

ஆகவே இவ்வகைக் கதை எழுத முனையும் நம் எழுத்தாளர்களுக்கு நாம் கூறுவது இதுதான்: வன்மத்தையும் வெறியையும் அஞ்சாமல் எழுதுங்கள்; ஆயினும் பின்தொடரப்படுபவருக்கும் கதையில் குரல் கொடுங்கள். அவர் அஞ்சுவதையும், ஐயுறுவதையும், தம்மையே குறைசொல்லிக்கொள்வதையும் வாசகர் அறியட்டும். பதற்றம் அதனால் குறையாது, கூடவே செய்யும். படிப்போராகிய நாமும் நூலை மூடுமுன் ஒரு வினாவைக் கேட்டுக்கொள்ளலாம்: இக்கதையில் காதலிக்கப்பட்டவர் என்ன சொன்னார்? அதற்கு விடை நினைவுக்கு வராவிட்டால், நாம் படித்தது காதல் கதையன்று.

முடிவுரை

காதல், வஞ்சகம், பித்து ஆகியவற்றைப் பேசும் மர்மக் கதை அயலிலிருந்து வந்த கேளிக்கை மட்டுமன்று. அதன் வேர்களுள் ஒன்று குண்டலகேசியில் இருக்கிறது. அதனை அளக்கும் கோல் தொல்காப்பியத்தில் இருக்கிறது. ஒத்த அன்பை நடுவில் வைத்து, மறுமொழி பெறாத அன்பையும் வரம்பு மீறிய அன்பையும் இரு ஓரங்களில் நிறுத்திய முன்னோர், அவற்றைப் பாடக் கூடாதென்று தடுக்கவில்லை. ஒன்றை மற்றொன்றாக எண்ணி மயங்காதவாறு வேறு வேறு பெயர் சூட்டினர். இன்று எழுதப்படும் கதைகளிலும் அப்பெயர்கள் மாறிப்போகாமல் காப்பது எழுதுவோர்க்கும் படிப்போர்க்கும் பொதுவான கடமையாகும்.