டிகாக்ஷனும் துருப்பிடித்த ஆணியும்

பாட்டியின் முகத்தை ஃபில்டர் காபி டிகாக்ஷனில் வரைந்தேன். தோலின் பழுப்பு அழகா வந்துச்சு. கண்ணுக்கு வேண்டிய கறுப்புதான் வரலை. எத்தனை முறை பூசினாலும் பழுப்பே.

அப்புறம் ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரி ஞாபகம் வந்தது. கடுக்காயும் பாலும் ஏற்றிய துணியில், வெல்லத்தோடு இரும்பு ஊறிய நீரால் கோடு போடுவார்கள். கடுக்காயின் டானினும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. டீயிலும் டானின் இருக்கே!

துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் ஒரு வாரம் ஊறவைத்தேன். கண் இருக்கும் இடத்தில் திக்கான டீயைப் பூசி, காய்ந்ததும் அந்த நீரைத் தொட்டு வைத்தேன். கறுத்துடுச்சு!

ஆனால் இரும்பு மசி நாளடைவில் தாளை அரிக்கும். ஐரோப்பாவின் பழைய கையெழுத்துப் பிரதிகளில் நடந்தது அதுதான். காபிப் பழுப்போ வெளிச்சத்தில் வெளுக்கும். அதனால் ஸ்கேன் எடுத்துவிட்டு, வெயில் படாத சுவரில் பாட்டியை மாட்டியிருக்கேன்.