நடந்து வந்து சேர்ந்தவர்கள்

தமிழ்நாட்டு முதியோர் இல்லங்கள் பலவற்றில் சேர்க்கும்போதே ஒரு நிபந்தனை சொல்லிவிடுவார்கள்: தன் வேலையைத் தானே செய்துகொள்பவராக இருக்க வேண்டும். தானே குளித்து, மணியடித்ததும் சாப்பாட்டுக் கூடத்துக்கு நடந்து வருபவரை மனதில் வைத்துத்தான் கட்டடம் எழும்பியது, ஆள் வைத்தார்கள், மாதக் கட்டணம் குறித்தார்கள். அப்படி 68 வயதில் வந்து சேர்ந்த ஓர் அம்மாவுக்கு இப்போது 80 என்று வைத்துக்கொள்வோம். வாக்கர் இல்லாமல் கழிப்பறைக்குப் போக முடியவில்லை. நள்ளிரவில் எழுந்து, காலமாகிவிட்ட கணவர் வந்திருக்கிறார் என்று வாசல் கதவைத் திறக்கப் போகிறார். அதே அறை, அதே கட்டில்தான். இல்லம் அவருக்குச் செய்ய வேண்டிய வேலை மட்டும் பல மடங்காகிவிட்டது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் சுமார் 10.4 சதவீதம். 2031-இல் இது 18 சதவீதத்தைத் தாண்டும் என்பது மத்திய அரசின் மதிப்பீடு. எண்ணிக்கை கூடுவதைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். இல்லத்துக்குள்ளேயே வயது ஏறிக்கொண்டிருப்பதைப் பற்றித்தான் போதுமான அளவு பேசவில்லை.

இரவு நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். படுத்த படுக்கையாகிவிட்டவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பது பொதுவான வழக்கம். இல்லையென்றால் முதுகிலும் இடுப்பிலும் புண் வரும். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை நான்கு தடவை. பத்துப் பேர் அப்படி இருந்தால் நாற்பது தடவை. டயாபர் மாற்றி, துடைத்து, விரிப்பைச் சரிசெய்ய ஒவ்வொரு முறையும் இரண்டு பணியாளர்களுக்குப் பத்து நிமிடம் என்றாலே 400 நிமிடம். மொத்த ஷிப்டே 480 நிமிடம்தான். நடமாடுகிற ஐம்பது பேருக்கு இரவில் ஒரு காவலாளியும் ஓர் ஆயாவும் போதுமாக இருந்திருக்கலாம். இப்போது அந்த ஆயா ஒருத்தியால் எப்படி முடியும்?

ஒரு ஆள் கூடுதலாகப் போட்டால் தீருமா என்றால், அதுவும் இல்லை. வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 48 மணி நேரம் வேலை செய்தால், ஒரே ஓர் இடத்தை இரவு பகலாக நிரப்ப மூன்றரை ஆள் வேண்டும். விடுப்பையும் சேர்த்தால் நான்கு. சமையலறையிலும் வேலை பெருகுகிறது. விழுங்கச் சிரமப்படுபவருக்கு இட்லியைக் குழைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, புரையேறாமல் பார்த்துப் பார்த்து ஊட்ட வேண்டும். பந்தியில் பரிமாறுகிற கையால் அதைச் செய்ய முடியாது.

மறதி நோய் இன்னொரு வகைச் சுமை. 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு, 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக மதிப்பிட்டது. பெண்களிடையே இது இன்னும் அதிகம். இவர்களுக்குத் தினமும் அதே முகம், அதே குரல் வேண்டும். ஆனால் சம்பளம் குறைவாக இருக்கும் இடத்தில் ஆயாக்கள் நிலைப்பதில்லை. புது ஆள் குளிக்க வைக்க வந்தால் பயந்து அடிக்கிற பாட்டியை ‘முரண்டு பிடிக்கிறவர்’ என்று சொல்லிவிடுகிறோம். அவர் பயப்படுகிறார், அவ்வளவுதான்.

இந்தச் சுமையைத் தாங்க முடியாத இல்லங்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டு, ‘அழைத்துக்கொண்டு போங்கள்’ என்கின்றன. இல்ல நிர்வாகிகளை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பழைய கட்டணத்தில் புதிய வேலையைச் செய்யச் சொல்கிறோம். ஆனால் அழைத்துப்போக யாருமே இல்லாதவர் எங்கே போவார்? 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 ஆதரவற்ற முதியோர் தங்கும்படி மாநில அரசுகள் இல்லம் அமைக்கலாம் என்கிறது. அந்த 150 என்ற எண் தங்கும் ஆட்களைத்தான் எண்ணுகிறது. அவர்களில் எத்தனை பேருக்கு ஊட்டிவிட வேண்டும் என்பதை எண்ணவில்லை.

ஜப்பானில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டில், முதியவரின் நிலையை மதிப்பிட்டுப் படிநிலை தருகிறார்கள். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மறுபடி பார்க்கிறார்கள். நிலை மோசமானால் கிடைக்கும் உதவியும் கூடுகிறது. அந்தக் காப்பீட்டுக்கு ஈடான பணம் நம்மிடம் இல்லை. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரின் நிலையையும் குறித்துவைத்து, அதற்கேற்ப ஆள் போடுவதற்கும் மானியம் தருவதற்கும் என்ன தடை? 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் வலிதணிப்புச் சேவையும் வீடு தேடிப் போகின்றன. அவை இல்லங்களின் கட்டில் வரை தவறாமல் வர வேண்டும்.

பெற்றவரை இல்லத்தில் சேர்க்கப் போகிறவர்கள் தோட்டம் இருக்கிறதா, கோயில் பக்கமா என்று விசாரிக்கிறார்கள். அதோடு இவற்றையும் கேளுங்கள்: இரவில் எத்தனை பேர் விழித்திருப்பார்கள்? அம்மா படுத்துவிட்டால் இங்கேயே வைத்துக்கொள்வீர்களா? அப்போது கட்டணம் எவ்வளவு? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.