ஓடினால் கெடாது; நின்றால் கெட்டுவிடும்! 340 கோடி ரூபாய் காரின் என்ஜின் கதை

அது ஒரு பழைய கார். 1962-ல் செய்தது. ஏ.சி. கிடையாது. உள்ளே இரண்டே பேர்தான் உட்காரலாம். விலை என்ன தெரியுமா? சுமார் 340 கோடி ரூபாய்!

2018 ஆகஸ்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடந்த ஏலத்தில் 'பெராரி 250 ஜி.டி.ஓ.' என்ற இத்தாலி ஸ்போர்ட்ஸ் கார், 4 கோடியே 84 லட்சம் டாலருக்கு விலை போயிற்று. அன்றைய மதிப்பில்தான் இந்த 340 கோடிக் கணக்கு.

"அப்படி என்னய்யா இருக்கு அந்த வண்டியிலே?" என்று கேட்பீர்கள். பானட்டைத் தூக்கினால் தெரியும். உள்ளே 12 சிலிண்டர் என்ஜின் ஒன்று படுத்திருக்கிறது. உலகத்தின் மிகக் கடினமான கார் பந்தயத்தை ஜெயித்த என்ஜின் குடும்பம் அது. ராப்பகலாக விரட்டினாலும் தாங்கும். ஆனால் அதையே ஷெட்டில் வைத்துப் பூட்டினால்? கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப் போகும்!

ஒரு நாளில் டெல்லி போய் வந்தது போல!

பிரான்ஸ் நாட்டில் 'லெ மான்' என்ற ஊர். ஆண்டுதோறும் அங்கே 24 மணி நேர கார் பந்தயம் நடக்கும். மழையானாலும் இருட்டானாலும் நிறுத்த மாட்டார்கள். டிரைவர்கள் மாறி மாறி ஓட்டுவார்கள். என்ஜினுக்கு மட்டும் மாற்று ஆள் கிடையாது.

1958, 1960, 1961 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அந்தப் பந்தயத்தை ஜெயித்தது 'பெராரி 250 டெஸ்டா ரோசா'. 'டெஸ்டா ரோசா' என்றால் இத்தாலி மொழியில் 'சிவப்புத் தலை'. என்ஜினின் மேல்மூடிக்குச் சிவப்பு பெயிண்ட் அடித்திருந்ததால் அந்தப் பெயர்.

1961-ல் ஜெயித்த வண்டி 24 மணி நேரத்தில் ஓடிய தூரம் சுமார் 4,470 கிலோமீட்டர். சென்னையிலிருந்து ரயிலில் டெல்லிக்குப் போய்த் திரும்புகிற தூரத்தை விடக் கொஞ்சம் அதிகம். அதுவும் ஒரே நாளில்!

பெயரிலேயே இருக்கிறது கணக்கு

இந்த என்ஜினை வரைந்தவர் ஜோவாக்கினோ கொலம்போ. அதற்கு முன் ஆல்பா ரோமியோ கம்பெனிக்குப் பந்தய கார் வடிவமைத்தவர். இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945-ம் ஆண்டில், என்ஸோ பெராரிக்காகப் புதிய என்ஜின் ஒன்றை வரையத் தொடங்கினார்.

1947-ல் முதல் கார் வந்தது. பெயர் '125 எஸ்'. அதில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 125 சி.சி. பன்னிரண்டும் சேர்ந்து 1,500 சி.சி. அதுதான் பெயர்க் காரணம். '250' என்ற பெயரும் இப்படியே வந்தது. சிலிண்டர் ஒன்றுக்குச் சுமார் 250 சி.சி. மொத்தம் 2,953 சி.சி.

அந்த முதல் காருக்கு முதல் பந்தயத்தில் என்ன ஆயிற்று தெரியுமா? 1947 மே 11-ந் தேதி, பியாசென்சா நகரம். வண்டி முன்னணியில் பறந்துகொண்டிருந்தது. திடீரென்று பெட்ரோல் பம்ப் மக்கர் பண்ணிவிட்டது. அவ்வளவுதான், வண்டி நின்றுபோயிற்று! பன்னிரண்டு சிலிண்டர் இருந்து என்ன பயன்? ஒரு சின்ன பம்ப் காலை வாரிவிட்டது. இரண்டு வாரம் கழித்து ரோம் நகரப் பந்தயத்தில் அதே கார் ஜெயித்துக் காட்டியது.

கொலம்போ போட்ட அடித்தளம் சாதாரணமானதல்ல. 1,500 சி.சி.யில் தொடங்கிய அந்த என்ஜின் வம்சம் வளர்ந்து வளர்ந்து, கிட்டத்தட்ட 5,000 சி.சி. வரை போய், 1989 வரை பெராரி கார்களில் ஓடியது.

பத்மினியும் பெராரியும்

'பிரிமியர் பத்மினி' நமக்குத் தெரியாத வண்டியா? இத்தாலியின் பியட் கம்பெனி வடிவமைத்து, பம்பாயில் செய்த கார். 2023 அக்டோபரில்தான் மும்பை டாக்சி ஸ்டாண்டிலிருந்து கடைசியாக விடைபெற்றது. அந்த பியட் கம்பெனிதான் 1969-ல் பெராரியின் பாதிப் பங்கை வாங்கியது. ஆக, ஒரு வகையில் இரண்டும் உறவுக்காரர்கள்!

பத்மினிக்கு 4 சிலிண்டர், 1,089 சி.சி., ஒரே ஒரு கார்புரேட்டர். பெராரி 250-க்கு 12 சிலிண்டர். ஆறு இந்தப் பக்கம், ஆறு அந்தப் பக்கம், ஆங்கில 'வி' எழுத்து மாதிரி சாய்ந்து நிற்கும். சாதாரண ரகத்தில் 3 கார்புரேட்டர். பந்தய ரகத்தில் 6.

பத்மினியின் பிஸ்டன் ஒவ்வொரு தடவையும் 75 மில்லிமீட்டர் தூரம் ஏறி இறங்கும். பெராரியில் அந்த தூரம் 58.8 மில்லிமீட்டர்தான். தூரம் குறைவு, அதனால் வேகமாக அடிக்கலாம். நிமிடத்துக்கு 7,000 சுற்று சுற்றினாலும் அந்த என்ஜின் சளைக்காது. அந்த வேகத்தில் விநாடிக்கு 700 தடவை உள்ளே பெட்ரோல் வெடிக்கிறது! அதனால்தான் இந்த என்ஜின் 'டப டப' என்று சத்தம் போடாது. பட்டுத்துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரே இழுப்பாக இழுக்கும்.

டியூனிங் என்றால் விளையாட்டா?

இதைப் பராமரிப்பது பெரிய வேலை. இருக்கிற வால்வு 24. என்ஜின் ஆறியிருக்கும்போது ஒவ்வொன்றுக்கும் பீலர் கேஜ் விட்டு இடைவெளி பார்க்க வேண்டும். மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு பங்குக் கணக்கு அது. இறுக்கமாக இருந்தால் வால்வு முழுசாக மூடாமல் கருகிப் போகும். லூசாக இருந்தால் கடகடவென்று தட்டும்.

அடுத்து கார்புரேட்டர். போலோனியா நகரத்து வெபர் கம்பெனி செய்தது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு தொண்டை. எல்லாத் தொண்டையும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். ஒன்று கூட, ஒன்று குறைய இழுத்தால் ஐட்லிங் நிற்காது, பிளக் கரிபிடிக்கும். காற்றளவு காட்டும் கருவி இருக்கிறது. ஆனாலும் பழகிய மெக்கானிக் ரப்பர் குழாயை ஒரு தொண்டையில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார். 'உஸ்' என்ற சத்தம் எல்லாத் தொண்டையிலும் ஒன்று போல வருகிறதா? வந்தால் சரி. வீணைக்குச் சுதி சேர்ப்பது போலத்தான்!

டிஸ்ட்ரிபியூட்டரும் இரண்டு. பிளக் வயர் 12. ஒரு வயர் மாறினாலும் வண்டி இருமும். 1-7-5-11-3-9-6-12-2-8-4-10 என்பது சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை. மெக்கானிக்குக்கு இது மனப்பாடமாக இருக்க வேண்டும்.

நிறுத்தி வைத்தால் என்ன ஆகும்?

இவ்வளவும் செய்தாலும், வண்டி ஓடாவிட்டால் எல்லாம் வீண். விலை ஏற ஏற, சில முதலாளிகள் வண்டியை ஓட்டுவதே இல்லை. "340 கோடி போகிற வண்டியை ரோட்டுக்குக் கொண்டு வருவதா?" என்று பயம். துணி போர்த்திப் பூட்டி வைக்கிறார்கள். அங்கேதான் ஆபத்து!

உள்ளே என்ன நடக்கிறது? சிலிண்டர் சுவரில் ஒட்டியிருந்த ஆயில் மெல்ல வடிந்து கீழே போய்விடுகிறது. வெற்று இரும்பு. ஈரக் காற்று பட்டால் துரு. பிஸ்டன் ரிங் அங்கேயே ஒட்டிக்கொள்ளும்.

பெட்ரோல் வற்றி, கார்புரேட்டரின் சின்னச் சின்னத் துளைகளில் பிசினாகப் படியும். இன்றைய பெட்ரோலில் எத்தனால் வேறு கலக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாயையும் அரிக்கும். குழாய் வெடித்துப் பெட்ரோல் சூடான என்ஜின் மேல் சொட்டினால், கார் மிஞ்சாது!

இந்த என்ஜினின் உடம்பு அலுமினியக் கலவை. உள்ளே சிலிண்டர் மட்டும் இரும்பு. ரேடியேட்டரில் துருத்தடுப்பு மருந்து கலக்காத வெறும் தண்ணீர் வருடக்கணக்கில் நின்றால், அலுமினியத்தை அது தின்றுவிடும்.

அஞ்சு நிமிஷ ஸ்டார்ட் கூடாது!

"வாரத்துக்கு ஒரு தடவை அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேனே, போதாதா?" என்பவர்கள் உண்டு. போதாது. அது இன்னும் கெடுதல்!

பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. என்ஜின் நன்றாகச் சூடேறினால் அந்த ஆவி வெளியே போய்விடும். ஐந்து நிமிடத்தில் அணைத்தால் ஆயிலிலும் சைலன்சரிலும் தண்ணீராகத் தங்கும். போதாக்குறைக்கு, சோக் போட்டு ஸ்டார்ட் செய்யும்போது அதிகமாகப் பாயும் பெட்ரோல், சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிவிடும். எடுத்தால் ஆயில் சூடாகும் வரை ரோட்டில் ஓட்ட வேண்டும். இந்த என்ஜினில் ஆயில் மட்டும் சுமார் 10 லிட்டர். சூடேற நேரமாகும். அதுவரை வேகமாகவும் விரட்டக் கூடாது.

பல வருடம் நின்ற வண்டியா? 'செல்ப்' பக்கமே கை போகக் கூடாது. முதலில் 12 பிளக்கையும் கழற்ற வேண்டும். ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் ஆயில் விட்டு ஊற விட வேண்டும். பிறகு ஸ்பேனர் போட்டுக் கையாலேயே மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும். பழைய ஆயில், பழைய பெட்ரோல் எல்லாவற்றையும் வடித்துவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும். பிளக் போடாமலே செல்ப் அடித்து, ஆயில் பிரஷர் முள் எழுந்த பிறகுதான் ஸ்டார்ட்!

நம்பர் போனால் விலை போச்சு

என்ஜின் கெட்டால் வேறு என்ஜின் மாட்டிவிட்டால் போகிறது என்கிறீர்களா? நடக்காது. இந்த ரக கார்களுக்கு மவுசே, தொழிற்சாலையில் முதன்முதல் மாட்டிய அதே என்ஜின், அதே நம்பரோடு இருப்பதில்தான். அந்த என்ஜின் போனால் விலை பெருமளவு விழுந்துவிடும். 250 ஜி.டி.ஓ. கார்கள் மொத்தம் செய்ததே 36தான். பழைய கார்களைச் சீர்படுத்தவும், அசல்தான் என்று சான்று கொடுக்கவும் பெராரி கம்பெனியே தனிப் பிரிவு வைத்திருக்கிறது. பழைய வரைபடங்களைப் பார்த்துப் பாகங்களைச் செய்து கொடுக்கிறார்கள். பாகம் புதிதாக வரும். ஆனால் குழாயைக் காதில் வைத்துச் சுதி சேர்க்கும் அந்த மெக்கானிக்கின் காது? அதை வரைபடம் பார்த்துச் செய்ய முடியாது. வண்டிகள் ரோட்டுக்கு வந்தால்தான் இளைய ஆட்களுக்கு அந்த வேலை கைவரும்.

'இறைக்கிற கிணறு ஊறும்' என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? பூட்டிய வீடு பாழாகும். நிறுத்திய என்ஜினும் அப்படித்தான்.

நம்மிடம் பெராரி இல்லை. பரவாயில்லை! வாசலில் மாதக்கணக்காக நிற்கிற ஸ்கூட்டருக்கும், "பெட்ரோல் செலவு எதுக்கு?" என்று ஓரம் கட்டிய காருக்கும் இதே சட்டம்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆயில் அளவைப் பாருங்கள். பெட்ரோல் குழாயைத் தொட்டுப் பாருங்கள். வெடிப்போ கசிவோ இருந்தால் மாற்றிவிட்டு எடுங்கள். நாலு தெரு அல்ல, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள். மெக்கானிக் செலவு மிச்சம்!