சாலையில் வீழ்ந்தவருக்கு அயலார் யார்?

நம் ஆண்டவர் கூறிய உவமைகளுள் ஒன்று நெடுஞ்சாலையிலே நிகழ்வது. கள்வர் கையில் அகப்பட்டுக் குற்றுயிராய்க் கிடந்த ஒருவனைக் குருவும் கண்டார், லேவியரும் கண்டார். இருவரும் விலகிப் போயினர். அவர்கள் கொடியவர்கள் என்று உவமை எங்கும் சொல்லவில்லை. அவர்களுக்கும் அவசர வேலை இருந்திருக்கலாம், அச்சமும் இருந்திருக்கலாம். இன்று கார் மோதி வீழ்ந்து கிடப்பவரைக் கடந்து செல்லும் நம்மவரும் கொடியவர் அல்லர். "நமக்கேன் வம்பு? போலீஸ், கோர்ட்டு என்று யார் அலைவது?" என்னும் அச்சமே அவர்கள் கால்களைக் கட்டிப் போடுகிறது.

இந்த அச்சத்தின் விலை என்ன? 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் 17,884 பேர் தமிழ்நாட்டில் இறந்தவர்கள். நாளொன்றுக்கு ஏறக்குறைய 49 பேர். அவ்வாண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நம் மாநிலத்துக்குத்தான். இவர்களுள் மோதிய கணமே உயிர் நீத்தோர் உண்டு. ஆயின், இரத்தம் வடிந்தும், மூச்சு அடைபட்டும், சுற்றி நின்றவர்கள் கண்ணெதிரே சிறுகச் சிறுக இறந்தோரும் உண்டு. அவர்களைப் பற்றியே இங்குப் பேசுகிறோம்.

சட்டம் யார் பக்கம்?

முதலில் அச்சத்தைக் களைவோம். சாலையில் அடிபட்ட ஒருவரை வழிப்போக்கர் ஒருவர் அருகிலிருந்த மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார். "இது போலீஸ் கேஸ், இங்கே பார்க்க இயலாது" என்று கூறி, ஏறத்தாழ 20 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள வேறொரு மருத்துவமனைக்கு அனுப்பினர். வழியிலேயே உயிர் பிரிந்தது. செய்தித்தாளில் வந்த இச்செய்தியை எடுத்துக்கொண்டு பரமானந்த் கட்டாரா என்பவர் உச்ச நீதிமன்றத்தை நாடினார். 1989-இல் தீர்ப்பு வந்தது: அரசு மருத்துவரோ, தனியார் மருத்துவரோ, முதலில் உயிரைக் காக்க வேண்டும், மற்றச் சடங்குகள் பின்னர்.

எனினும், தூக்கிச் செல்லக் கைகள் வேண்டுமே! தம் உறவினனான ஓர் இளைஞன் சாலையில் உதவியின்றி இறந்த துயரத்தின் பின், பியூஷ் திவாரி என்பவர் 2008-இல் தில்லியில் சேவ்லைஃப் அறக்கட்டளையை நிறுவினார். அவ்வமைப்பு தொடுத்த வழக்கில் 2016 மார்ச் 30-இல் உச்ச நீதிமன்றம், உதவுவோரைக் காக்கும் நெறிமுறைகளை நாடு முழுவதற்கும் கட்டாயமாக்கியது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. இப்பிரிவு உதவுபவரை என்ன பெயரிட்டு அழைக்கிறது தெரியுமா? "நல்ல சமாரியர்" என்றே அழைக்கிறது! நம் ஆண்டவரின் உவமையிலிருந்து சட்டப் புத்தகம் வரை அந்தப் பெயர் நடந்து வந்திருக்கிறது.

அச்சட்டமும் அதன் விதிகளும் கூறுவன இவை: நல்லெண்ணத்தோடு, கைம்மாறு கருதாமல் உதவியவர்மீது, அவர் அறியாது நேர்ந்த பிழைக்காக உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ தொடர இயலாது. அவர் தம் பெயரையும் முகவரியையும் கூறும்படி காவலரோ மருத்துவமனையினரோ வற்புறுத்தலாகாது. நோயாளியைச் சேர்த்துவிட்டு அவர் உடனே வீடு திரும்பலாம். சாட்சி கூறுவது அவர் விருப்பம். செலவுத் தொகையை அவரிடம் கேட்பதற்கு எவருக்கும் உரிமையில்லை. ஆக, "நமக்கேன் வம்பு" என்பதற்குச் சட்டத்தில் இனி இடமில்லை.

முதல் நிமிடங்களில் செய்ய வேண்டுவன

பெருங்காயம் பட்ட பின்வரும் முதல் ஒரு மணி நேரத்தைச் சட்டமே "பொன்னான நேரம்" என்று குறிக்கிறது. அதனை எவ்வாறு செலவிடுவது?

முதலாவது, இரண்டாவது விபத்தைத் தடுங்கள். உங்கள் வண்டியைச் சாலையோரம் நிறுத்தி, எச்சரிக்கை விளக்குகளை எரிய விடுங்கள். பின்னால் சற்றுத் தொலைவில் ஒருவரை நிறுத்தி, வரும் வண்டிகளுக்குக் கைகாட்டச் செய்யுங்கள். மோதிய காரின் சாவியைத் திருப்பி எஞ்ஜினை நிறுத்துங்கள். பெட்ரோல் வாடை வீசும் இடத்தில் பீடி, சிகரெட், தீக்குச்சி கூடாது.

இரண்டாவது, 108 எண்ணை அழையுங்கள். 112 எண்ணும் உதவும். "யாராவது போன் செய்யுங்கள்" என்று பொதுவாகக் கூவினால் ஒருவரும் செய்யமாட்டார். ஒருவரை விரலால் சுட்டி, "தம்பி, நீ அழை" என்று ஏவுங்கள். சாலையின் பெயர், கிலோமீட்டர் கல்லின் எண், அருகிலுள்ள கோயில் அல்லது பெட்ரோல் பங்க், அடிபட்டோர் எத்தனை பேர், எவரேனும் வண்டிக்குள் சிக்கியுள்ளாரா என்பவற்றைக் கூறச் செய்யுங்கள்.

மூன்றாவது, ஓலமிடுபவரிடம் ஓடுமுன், ஓசையின்றிக் கிடப்பவரைப் பாருங்கள். அலறுபவருக்கு மூச்சு இருக்கிறது. அசைவற்றவருக்கே ஆபத்து மிகுதி. தோளைத் தட்டி அழையுங்கள். மார்பு ஏறி இறங்குகிறதா என்று நோக்குங்கள். மூச்சு இல்லையெனில், மார்பின் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மற்றக் கையை அதன்மேல் கோத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, இரண்டு அங்குல ஆழத்துக்கு அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை ஆள் மாற்றி ஆள் தொடருங்கள்.

நான்காவது, இரத்தப் பெருக்கை நிறுத்துங்கள். தூய துண்டு, சேலைத் தலைப்பு, கைக்குட்டை எதுவாயினும் மடித்துக் காயத்தின்மேல் வைத்து விடாமல் அழுத்துங்கள். துணி நனைந்தால் அதனை எடுக்காமல் மேலும் ஒரு துணியை வைத்து அழுத்துங்கள். உடலில் கம்பியோ கண்ணாடியோ குத்தியிருந்தால் பிடுங்க வேண்டா. அதனைச் சுற்றி அழுத்துங்கள்.

அன்பினால் செய்யும் தீங்குகள்

நம் மக்கள் இரக்கமுள்ளவர்கள். ஆயினும் அறியாத இரக்கம் தீங்கு விளைவிக்கும். அடிபட்டவருக்குத் தண்ணீரோ சோடாவோ புகட்டாதீர்கள். நினைவு தளர்ந்தவருக்கு அது மூச்சுக்குழலில் இறங்கும். அறுவைச் சிகிச்சைக்கும் தடையாகும். கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, ஆட்டோவிற்குள் மடக்கித் திணிக்காதீர்கள். கழுத்தெலும்போ முதுகெலும்போ முறிந்திருந்தால், அந்த ஒரு மடக்கலே அவரை வாழ்நாள் முழுதும் படுக்கையில் கிடத்திவிடக்கூடும். தீயோ, வெள்ளமோ, மோதவரும் வண்டியோ இருந்தாலன்றி, ஆம்புலன்ஸ் வரும் வரை அவரை இருந்த நிலையிலேயே வையுங்கள். நகர்த்தியே தீர வேண்டுமாயின், தலையும் கழுத்தும் முதுகும் ஒரே நேர்க்கோட்டில் இருக்குமாறு நால்வர் சேர்ந்து நகர்த்துங்கள். மூச்சுக்குத் தடை இல்லாத வரை, தலைக்கவசத்தைக் கழற்றாதீர்கள்; அதன் முன்கண்ணாடியை மட்டும் உயர்த்திவிடுங்கள்.

பக்கத்தில் அமர்ந்து, அவர் கையைப் பற்றிக்கொண்டு, "வண்டி வந்துகொண்டிருக்கிறது, நான் இங்கேதான் இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். இதற்கு எந்தப் பயிற்சியும் தேவையில்லை. அவருடைய பணப்பையையும் கைப்பேசியையும் இருவர் அறிய எடுத்து, காவலரிடமோ மருத்துவமனையிலோ ஒப்படையுங்கள். கைப்பேசியால் படம் எடுப்பதாயின், வண்டிகள் நின்ற நிலையையும் எண் பலகைகளையும் எடுங்கள்; குருதியில் கிடப்பவரின் முகத்தை எடுத்து ஊருக்கு அனுப்பாதீர்கள். அவருடைய தாய் அதனைப் பார்ப்பாள் என்பதை நினையுங்கள்.

வீட்டாருக்குச் செய்தி சொல்லும்போது "சின்ன அடிதான்" என்று பொய் கூற வேண்டா. அறியாததைக் கூறி அலற வைக்கவும் வேண்டா. எந்த மருத்துவமனை என்பதை முதலில் கூறுங்கள். துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். நம் கத்தோலிக்கக் குடும்பத்தினர் நோயில் பூசுதல் என்னும் அருட்சாதனத்துக்காகக் குருவையும் அழையுங்கள். எந்நேரமாயினும் வருவது எங்கள் கடமை. ஆனால் 108-ஐ அழைத்த பின்னரே எங்களை அழையுங்கள்.

வண்டி ஓட்டியவருக்கு ஒரு சொல்

மோதிய காரை ஓட்டியவர் நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். அவன் என்ன செய்ய வேண்டும்? நிறுத்த வேண்டும். சட்டத்தின் 134-ஆம் பிரிவு, காயமுற்றவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதை ஓட்டுநரின் கடமையாக்குகிறது. கூட்டத்தின் ஆத்திரத்தால் அங்கே நிற்க இயலாத நிலையையும் அது கருத்தில் கொள்கிறது. அந்நிலையில் நேரே காவல் நிலையம் செல்லலாம்; எவ்வாறாயினும் 24 மணி நேரத்துக்குள் அறிவித்தாக வேண்டும். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். "வேறொருவன் ஓட்டியதாகச் சொல்லிவிடலாம்" என்று ஆலோசனை கூறும் பெரியவர்கள் ஊரில் உண்டு. பெற்றோரே, அந்த ஆலோசனையை ஏற்காதீர்கள்! பாவசங்கீர்த்தனம் காவல் நிலையத்துக்கு மாற்று ஆகாது. நிகழ்ந்த கேட்டுக்கு ஈடு செய்வதும் உண்மையான மனஸ்தாபத்தில் அடங்கும் அன்றோ? ஓட்டுநரை அடிக்கக் கை ஓங்கும் கூட்டத்தினருக்கும் ஒன்று சொல்வோம்: நீங்கள் அடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், கீழே கிடப்பவருக்கு இரத்தம் வடிந்துகொண்டிருக்கிறது.

மருத்துவமனையிலும் அதன் பின்னும்

பணம் இல்லையே என்று தயங்க வேண்டா. 2021 டிசம்பர் 18-இல் மேல்மருவத்தூரில் தமிழக அரசு தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம், தமிழக எல்லைக்குள் விபத்துற்ற எவருக்கும், அவர் எந்த மாநிலத்தவராயினும், முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்க வகுக்கப்பட்டது. தொடக்கத்தில் அதன் வரம்பு 1 இலட்சம் ரூபாய். நடுவண் அரசு 2025 மே மாதத்தில் அறிவித்த திட்டமும், ஏழு நாள் வரை 1½ இலட்சம் ரூபாய் அளவுக்குக் கட்டணமற்ற சிகிச்சைக்கு வழி செய்தது. மருத்துவமனையில் நுழைந்ததும் இவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

குடும்பத் தலைவர் படுக்கையில் கிடக்கும்போது காகிதங்களைப் பற்றிப் பேசுவது கல்நெஞ்சம் போலத் தோன்றும். ஆனால் பிள்ளைகளின் நாளைய சோறு அந்தக் காகிதங்களில் இருக்கிறது. முதல் தகவல் அறிக்கையின் நகல், "ஏ.ஆர். காப்பி" என்று வழங்கும் விபத்துப் பதிவேட்டு நகல், காயச் சான்று, மருந்துச் சீட்டுகள், ரசீதுகள், இறப்பு நேர்ந்தால் பிரேதப் பரிசோதனை அறிக்கை ஆகிய அனைத்தையும் ஒரே பையில் சேர்த்து வையுங்கள்.

அடுத்து ஒருவர் வருவார். "ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பத்தாயிரம் வைத்துக்கொள்ளுங்கள், கேஸ் வேண்டாம்" என்று இனிமையாகப் பேசி ஒரு தாளை நீட்டுவார். துக்க வீட்டில் எந்தத் தாளிலும் கையொப்பமிடாதீர்கள். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. 2022 ஏப்ரல் முதல் அதற்குச் சட்டம் குறித்த காலம் ஆறு மாதம், ஆகவே தாமதியாதீர்கள். யார் பிழை என்று நிரூபிக்காமலே, இறப்புக்கு 5 இலட்சமும் கொடுங்காயத்துக்கு 2½ இலட்சமும் கோர 164-ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஆயினும் அதனைப் பெற்றுக்கொண்டால் தீர்ப்பாயத்தில் மிகுதியாகக் கேட்கும் வழி அடைபடக்கூடும். முதலில் வழக்குரைஞரைக் கலந்துகொள்ளுங்கள். மோதிய வண்டி எதுவென்றே தெரியாமற்போனாலும், இறப்புக்கு 2 இலட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் பெற வழி உண்டு. வழக்குரைஞருக்குக் கொடுக்கப் பணமில்லாதோர் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பாராமல் அங்கு இலவச உதவி உண்டு.

பங்கு மக்கள் செய்யக்கூடியது

ஆகஸ்டு 29-இல் வேளாங்கண்ணியில் கொடியேறுமுன், நம் ஊர்களிலிருந்து இளைஞரும் தாய்மாரும் இரவென்றும் பாராமல் சாலையோரமாகப் பாதயாத்திரை செல்கின்றனர்; குடும்பங்கள் வேனிலும் காரிலும் செல்கின்றன. ஒவ்வொரு குழுவிலும் முதலுதவி அறிந்த இருவரேனும் வேண்டாமா? ஒரு ஞாயிறு பூசைக்குப் பின், பங்கிலுள்ள செவிலியர் ஒருவரையோ 108 ஊழியர் ஒருவரையோ அழைத்து, ஒரு மணி நேரம் கற்றுக்கொண்டால் போதும். ஒவ்வொருவர் பணப்பையிலும் பெயர், இரத்த வகை, வீட்டுத் தொலைபேசி எண் எழுதிய ஒரு சீட்டு இருக்கட்டும்.

சமாரியன் காயத்தில் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்ததோடு நிற்கவில்லை. தன் விலங்கின்மேல் ஏற்றிச் சத்திரத்துக்குக் கொண்டு சென்றான். மறுநாள் இரண்டு தெனாரியம் கொடுத்தான். திரும்பி வருவதாகவும் வாக்களித்தான். விபத்து நடந்த நாளில் வீடு நிறையக் கூட்டம் இருக்கும். மூன்றாம் மாதத்தில், கட்டிலோடு கிடக்கும் கணவனையும், கோர்ட்டு வாய்தாவுக்குத் தனியே பேருந்து ஏறும் மனைவியையும், கட்டணம் கட்டப்படாத பிள்ளைகளையும் நினைப்பார் யார்? அன்பியக் கூட்டத்தில் அந்த வீட்டின் பெயரை எழுதி வைத்து, மாதந்தோறும் ஒருவர் சென்று பாருங்கள். சாலையில் வீழ்ந்தவருக்கு நாம் அயலார் என்பது அப்போதுதான் முழுமை பெறும்.