அமெரிக்கத் திரைத்துறையில் ஜப்பானிய வம்சாவளிக் கலைஞர்கள்

ஹாலிவுட் உருவான காலந்தொட்டே ஜப்பானிய வம்சாவளிக் கலைஞர்கள் அங்கே பணியாற்றி வருகின்றனர். ஊமைப்படக் காலத்தின் பெரும் நட்சத்திரங்களுள் ஒருவர் ஜப்பானியர் என்பது இன்று பலரும் அறியாத செய்தி. அவருக்குப் பின் வந்தவர்களுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் கிடைத்தவை பெரும்பாலும் வேலைக்காரர், தோட்டக்காரர், கொடிய படை அதிகாரி ஆகிய வேடங்களே.

செஸ்ஸூ ஹயகாவா

ஜப்பானின் சிபா மாகாணத்தில் பிறந்தவர் கின்தாரோ ஹயகாவா (1886–1973). கடற்படை அதிகாரியாக வேண்டும் என்று குடும்பத்தார் விரும்பினர். நீரில் மூழ்கியபோது செவிப்பறை கிழிந்ததால் கடற்படை இவரை ஏற்கவில்லை. பின்னர் அமெரிக்கா சென்ற இவர், லாஸ் ஏஞ்சலஸ் நகரின் 'லிட்டில் டோக்கியோ' பகுதியில் ஜப்பானியர் நடத்திய நாடகங்களில் நடித்துவந்தார். தயாரிப்பாளர் தாமஸ் இன்ஸ் இவரைத் திரைக்குக் கொண்டுவந்தார். 1914-இல் 'தி டைஃபூன்', 'தி ராத் ஆஃப் த காட்ஸ்' ஆகிய படங்கள் வெளிவந்தன. தனக்கு முன்பே ஹாலிவுட்டில் நடிக்கத் தொடங்கியிருந்த ட்சுரு அவோகியை அதே ஆண்டு மணந்துகொண்டார்.

இவரை நட்சத்திரமாக்கியது செசில் பி. டெமில் இயக்கிய 'தி சீட்' (1915). இதில் செல்வந்த ஜப்பானிய வணிகராக நடித்த ஹயகாவா, தன்னிடம் கடன்பட்ட வெள்ளைக்காரப் பெண்ணின் தோளில் பழுக்கக் காய்ச்சிய முத்திரையால் சூடு வைக்கிறார். படம் பெருவெற்றி பெற்றது. கொடியவராக வந்தவர் பெண் ரசிகர்களின் கனவு நாயகனாகவும் ஆனார். ஆனால் அமெரிக்காவில் வாழ்ந்த ஜப்பானியர் இப்படத்தைக் கடுமையாக எதிர்த்தனர். ஜப்பானியக் குடியேறிகள் விளைநிலம் வாங்குவதைக் கலிபோர்னியா 1913-லேயே தடுத்திருந்த காலம் அது. திரையில் தெரியும் அந்த முகம் தங்கள் அன்றாட வாழ்வைப் பாதிக்கும் என்று அவர்கள் அஞ்சியதில் வியப்பில்லை. முதல் உலகப் போரில் ஜப்பான் நேச நாடுகளின் பக்கம் நின்றதால், 1918-இல் படம் மீண்டும் வெளியானபோது எழுத்து அட்டைகள் மாற்றப்பட்டு அந்த வணிகர் 'பர்மாக்காரர்' ஆனார். நடிகரும் காட்சியும் மாறவில்லை, நாடு மட்டும் மாறியது.

கலிபோர்னியாவில் வெள்ளையருக்கும் ஆசியருக்கும் இடையிலான திருமணத்தைச் சட்டம் தடை செய்திருந்தது. மாநில உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கியது 1948-இல்தான். எனவே ஹயகாவாவின் பாத்திரம் வெள்ளைக்காரப் பெண்ணை விரும்பினால், கதை முடிவதற்குள் இறக்க வேண்டும் அல்லது விலகிச் செல்ல வேண்டும். இத்தகைய வேடங்களில் சலித்த இவர், 1918-இல் 'ஹாவர்த் பிக்சர்ஸ்' என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். வெள்ளையர் தொழிலில் ஓர் ஆசியர் தன் படங்களைத் தானே தயாரிக்க முனைந்தது அன்று மிக அரிது. அந்நிறுவனத்தின் 'தி டிராகன் பெயின்டர்' (1919) காணாமல்போன இளவரசியைத் தேடும் ஓவியனின் கதை. கணவன், மனைவி இருவரும் இணைந்து நடித்த இப்படத்தில் வில்லத்தனமான ஜப்பானியர் எவரும் இல்லை. 2014-இல் இது அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

ஜப்பானியருக்கு எதிரான உணர்வு வலுத்த நிலையில் 1922-இல் ஹயகாவா அமெரிக்காவை விட்டு வெளியேறினார். பிரான்சில் நடித்துக்கொண்டிருந்தபோது இரண்டாம் உலகப் போர் மூண்டது. ஜெர்மானியர் ஆக்கிரமித்த பாரிசில் நீர்வண்ண ஓவியங்களை விற்றுப் பிழைத்தார். ஹம்ப்ரி போகார்ட்டின் 'டோக்கியோ ஜோ' (1949) இவரை மீண்டும் ஹாலிவுட்டுக்கு அழைத்து வந்தது.

'தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' (1957) படத்தில் கர்னல் சைட்டோவாக நடித்ததற்காகச் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. இப்படம் இலங்கையின் கித்துல்கல பகுதியில், களனி ஆற்றங்கரையில் எடுக்கப்பட்டது. கதைக்களமான சயாம்–பர்மா ரயில் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர் பெருந்தொகையில் மாண்டனர். படத்தில் அவர்களுக்கு இடமில்லை. துணை நடிகர் விருது 'சயோனாரா' படத்தில் நடித்த ரெட் பட்டன்சுக்குச் சென்றது. அதே படத்துக்காகத் துணை நடிகை விருதைப் பெற்ற மியோஷி உமேகி, நடிப்புக்காக ஆஸ்கர் வென்ற முதல் ஆசியப் பெண் ஆனார்.

முகாம்களின் நிழல்

1942-இல் மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் தடுப்பு முகாம்களில் அடைக்கப்பட்டனர். இவர்களில் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். அவர்கள் முகாம்களில் இருந்த ஆண்டுகளில் ஹாலிவுட் எடுத்த போர்ப்படங்களில் ஜப்பானியக் கொடியவர்களாகச் சீன வம்சாவளி ரிச்சர்ட் லூ, கொரிய வம்சாவளி பிலிப் ஆன் போன்றோர் நடித்தனர்.

பிற்காலத்தில் 'ஸ்டார் டிரெக்' தொடரின் சுலுவாகப் புகழ்பெற்ற ஜார்ஜ் டகேய் (பிறப்பு 1937) சிறுவனாக ஆர்கன்சாவின் ரோவர் முகாமிலும் பின்னர் டூலி லேக் முகாமிலும் வாழ்ந்தவர். பாட் மொரிட்டாவின் (1932–2005) கதை இன்னும் கொடியது. முதுகெலும்புக் காசநோயால் குழந்தைப் பருவத்தின் பெரும்பகுதியை மருத்துவமனையில் கழித்த இவர், நடக்கத் தொடங்கியதும் அங்கிருந்து நேராக அரிசோனாவின் கிலா ரிவர் முகாமுக்கு அனுப்பப்பட்டார்.

நகைச்சுவைக் கலைஞராக அறியப்பட்ட மொரிட்டா, 'தி கராத்தே கிட்' (1984) படத்தில் ஆசான் மியாகியாக நடித்தார். நல்ல அமெரிக்க ஆங்கிலம் பேசும் இவர், அப்பாத்திரத்துக்காக வேற்று உச்சரிப்பை வரவழைத்துக்கொண்டார். படத்தில் ஓர் இரவு, மது அருந்திய மியாகி தன் பழைய ராணுவச் சீருடையை அணிந்து நிற்கிறார். அவர் அமெரிக்கப் படையில் போரிட்டபோது, மான்சனார் முகாமில் பிரசவத்தின்போது மனைவியும் குழந்தையும் இறந்துபோயினர் என்பது அப்போதுதான் தெரியவருகிறது. கதையோட்டத்தைத் தாமதப்படுத்துகிறது என்று இக்காட்சியை நீக்க நிறுவனம் விரும்பியது. இயக்குநர் ஜான் அவில்ட்சென் விட்டுக்கொடுக்கவில்லை. மொரிட்டாவுக்கு ஆஸ்கர் பரிந்துரை பெற்றுத் தந்ததில் இக்காட்சிக்குப் பெரும் பங்குண்டு.

மாக்கோவும் சொந்த மேடையும்

கோபே நகரில் பிறந்த மாக்கோ இவாமட்சு (1933–2006), 'தி சாண்ட் பெபிள்ஸ்' (1966) படத்தில் சீனக் கூலியாக நடித்து ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். ஆனால் இவருடைய முக்கியப் பணி அதற்கு முந்தைய ஆண்டே தொடங்கிவிட்டது. நல்ல வேடங்களுக்காகக் காத்திருப்பதை விட்டு, 1965-இல் நண்பர்களுடன் சேர்ந்து லாஸ் ஏஞ்சலசில் 'ஈஸ்ட் வெஸ்ட் பிளேயர்ஸ்' நாடகக் குழுவை நிறுவினார். பின்னாளில் திரைக்கு வந்த ஆசிய அமெரிக்க நடிகர்கள் பலர் பயின்ற இடம் இதுவே. இளைய தலைமுறையினர் மாக்கோவை 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' தொடரில் ஐரோ மாமாவின் குரலாக அறிவர்.

கேமராவுக்குப் பின்னாலும் இத்தகைய முயற்சிகள் நடந்தன. சிறுவயதில் மான்சனாரில் அடைக்கப்பட்டிருந்த ராபர்ட் நகமுரா, அம்முகாமைப் பற்றிக் குறும்படம் எடுத்தார். பின்னர் டுவேன் குபோவுடன் இணைந்து, மாக்கோ நடித்த 'ஹிட்டோ ஹட்டா' (1980) என்ற முழுநீளப் படத்தை இயக்கினார். ஸ்டீவன் ஒகசாகி, கணவருடன் முகாமுக்குச் சென்ற வெள்ளைக்கார ஓவியர் எஸ்டெல் இஷிகோவைப் பற்றி எடுத்த 'டேஸ் ஆஃப் வெயிட்டிங்' குறும்பட ஆவணப் பிரிவில் ஆஸ்கர் வென்றது.

தொலைக்காட்சியில்

1980-இல் ஒளிபரப்பான 'ஷோகன்' தொடரில் ஜப்பானிய உரையாடல்களுக்குப் பெரும்பாலும் வசன வரிகள் இல்லை. ஆங்கிலேய நாயகனுக்குப் புரியாதது பார்வையாளருக்கும் புரிய வேண்டியதில்லை என்பது அதன் அணுகுமுறை. 2024-இல் அதே நாவல் மீண்டும் தொடரானபோது உரையாடலின் பெரும்பகுதி வசன வரிகளுடன் ஜப்பானிய மொழியிலேயே அமைந்தது. நாயகன் ஹிரோயுகி சனடா தயாரிப்பாளர்களுள் ஒருவராகவும் இருந்தார். அத்தொடர் அவ்வாண்டு 18 எம்மி விருதுகளை வென்றது. சனடாவும், நியூசிலாந்தில் பிறந்த அன்னா சவாயும் நாடகத் தொடர் பிரிவில் சிறந்த நடிகர், நடிகை விருதுகளைப் பெற்றனர்.